எடை போடப்படாத குழந்தைகள்: தாய்சேய் நலத் தரவைப் பகுக்கும் முறை பற்றி

பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் தரப்படும் பணிகளுள் ஒன்று, தேசிய குடும்ப நல ஆய்வின் தரவுக் கோப்பிலிருந்து தாய்சேய் நலம் குறித்த ஒரு கேள்விக்கு விடை காண்பது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தின் பொறுப்பில் 1992-93இல் தொடங்கிய இந்த ஆய்வு, 2019-21இல் ஐந்தாம் சுற்றை முடித்தது. அந்தச் சுற்றில் மட்டும் 6,36,699 குடும்பங்களிலிருந்து 7,24,115 பெண்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை பெரிய கோப்பைக் கையாளும் மாணவருக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லித்தரப்படுவது, விவரம் விடுபட்ட வரிகளை நீக்கிவிட்டு எஞ்சியதில் ரெக்ரஷன் ஓட்டுவது. இந்த வரிசை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். விடுபட்ட வரிகள் யாருடையவை, ஏன் விடுபட்டன என்ற கேள்வியிலிருந்தே பகுப்பாய்வு தொடங்க வேண்டும். அதற்கு விடை தெரியாமல் எழுதப்படும் முடிவுகள், ஏற்கெனவே சுகாதார அமைப்பின் கண்ணில் பட்டவர்களைப் பற்றியவையாக மட்டுமே இருக்கும்.

பிறப்பு எடையை எடுத்துக்கொள்வோம். 2,500 கிராமுக்குக் கீழ் பிறக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். 2005-06இல் நடந்த மூன்றாம் சுற்றில் அத்தகைய குழந்தைகள் சுமார் 22 விழுக்காடு. 2015-16இல் 18 விழுக்காடு. 2019-21இலும் ஏறத்தாழ அதே 18. பத்தாண்டுகளில் சிறிய முன்னேற்றம், பிறகு தேக்கம் என்று இதைப் படித்துவிடலாம். ஆனால் மூன்றாம் சுற்றில் பிறப்பு எடை தெரிந்திருந்த குழந்தைகள் நூற்றுக்கு 34 பேர்தாம். நான்காம் சுற்றில் அது 78 ஆனது. அதாவது 2005-06இன் 22 விழுக்காடு, தராசு இருந்த இடத்தில் பிறந்த மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளின் கணக்கு. மருத்துவமனைக்கு எட்டாத வீட்டில், ஏழ்மையில், படிப்பறிவு குறைந்த தாய்க்குப் பிறந்த குழந்தைதான் எடை போடப்படாமல் போனது. எடை குறைவுக்கான வாய்ப்பும் அந்த வீட்டில்தான் அதிகம். ஒரு பேச்சுக்கு, எடை தெரியாத குழந்தைகளில் இரு சுற்றுகளிலும் 30 விழுக்காடு எடை குறைந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், மொத்த அளவு 27இலிருந்து 21க்கு இறங்கியதாகிறது. வெளியான எண் காட்டும் சரிவு நான்கு புள்ளி. இந்த அனுமானத்தின்படி ஆறு. 30 என்பது என் அனுமானமே. வேறு எண் வைத்தால் விடையும் மாறும். ஆனால் அனுமானமே செய்யவில்லை என்று நினைக்கும் மாணவர், எடை தெரியாதவர்களும் தெரிந்தவர்களைப் போன்றவர்களே என்ற அனுமானத்தை அறியாமலேயே செய்திருக்கிறார். இருப்பவற்றுள் நம்பத் தகாதது அதுதான்.

எடை பதிவான குழந்தைகளிடமும் சிக்கல் உண்டு. தாய்சேய் பாதுகாப்பு அட்டை கைவசம் இருந்தால் கள ஆய்வாளர் அதைப் பார்த்து எழுதுவார். இல்லையென்றால் தாயின் நினைவே ஆதாரம். இரண்டிலும் எடைகள் முழு எண்களில் குவிகின்றன. சரியாக 2,500 கிராம் என்ற இடத்தில் ஒரு குவியல் நிற்கும். 2,450ஐயும் 2,480ஐயும் இரண்டரைக் கிலோ என்று எழுதிவிடுவதன் விளைவு அது. 2,500 என்பது எடை குறைவில் சேராது என்பதால், அந்தக் குவியல் முழுவதும் நல்ல எடைக் கணக்கில் போய்ச் சேர்கிறது. பன்னாட்டு மதிப்பீடுகளில் அந்தக் குவியலின் கால் பங்கை எடை குறைந்தவர்களுடன் சேர்த்துத் திருத்தும் வழக்கம் இதனால்தான் உண்டானது. எடைகளின் பரவலை ஒரு வரைபடமாக வரைந்து பார்க்க ஒரு பிற்பகல் போதும். பயிற்சிக் காலம் குறுகியது, இவ்வளவும் கற்பிக்க இயலாது என்போருக்கு என் பதில் இதுதான்: இரண்டு மாதத்தில் புதிய புள்ளியியல் முறையில் தேர்ச்சி பெறுவது கடினம், குவியலையும் வெற்றிடத்தையும் காணக் கற்பது கடினமல்ல.

மாதிரி இவ்வளவு பெரிதாக இருக்கையில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடாதா என்று கேட்கலாம். இரு பக்கமும் சிதறும் பிழைகளே அப்படி ஈடாகும். ஒரே பக்கம் சாயும் பிழையை மாதிரியின் அளவு குறைக்காது. தவறான எண்ணின் மீது கூடுதல் உறுதியைத்தான் தரும். விடுபட்ட மதிப்புகளைக் கணித்து நிரப்பும் முறைகள் இருக்கின்றனவே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அவை பயனுள்ளவை, கற்பிக்கப்பட வேண்டியவை. ஆனால் ஒரே வருமானமும் படிப்பும் உள்ள இரு தாய்மாரில் ஒருத்தியின் குழந்தைக்கு மட்டும் எடை தெரியாமல் போனதன் காரணம் கோப்பில் இல்லாத ஒன்றாக இருந்தால், எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடித்து நிரப்பாது. ஊரையும் பிரசவம் நடந்த சூழலையும் அறிந்தவரின் தீர்ப்பு அங்கே தேவைப்படுகிறது.

இவையெல்லாம் வட மாநிலங்களின் கவலை, தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. 2019-21இல் இங்கே 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. எடை போடாத குழந்தை இங்கே அரிது என்பது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆனால் சாதனை கூடக்கூட அளப்பதன் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மாநிலத்தின் சிசு இறப்பு விகிதம் நான்காம் சுற்றில் ஆயிரத்துக்கு 20.2, ஐந்தாம் சுற்றில் 18.6. இறப்புகள் குறைந்துவிட்ட இடத்தில் இவ்வளவு சிறிய வேறுபாடு மாதிரிப் பிழைக்குள் அடங்கிவிடும். இதை மட்டும் வைத்து விகிதம் இறங்கியது என்று அறிக்கை எழுதக் கூடாது. மாவட்ட அறிக்கைகளில் சிசு இறப்பு விகிதம் தரப்படாததும் இதனால்தான். போதாததற்கு, ஐந்தாம் சுற்றின் களப்பணி தமிழ்நாட்டில் கொரோனா ஊரடங்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிந்து நடந்தது. அதே இரு சுற்றுகளுக்கிடையில் சிசேரியன் பிரசவங்கள் 34.1இலிருந்து 44.9 விழுக்காடாக உயர்ந்ததோ எந்த மாதிரிப் பிழையாலும் விளக்க முடியாத உயர்வு. எந்த எண்ணின் மீது நிற்கலாம், எதன் மீது நிற்கக் கூடாது என்று பிரித்தறிவதே பயிற்சியின் பயன்.

இன்னொரு விடுபடலைத் தரவுக் கோப்பில் வெற்றிடமாகக்கூடக் காண முடியாது. பிறப்பு வரலாறு உயிரோடிருக்கும் பெண்களிடம் கேட்கப்படுகிறது. பிரசவத்தில் இறந்த தாயின் வரியே கோப்பில் இல்லை. அவள் பெற்ற குழந்தையின் வரியும் இல்லை. 2018-20 காலத்தில் தமிழ்நாட்டின் மகப்பேறு இறப்பு இலட்சம் பிறப்புகளுக்கு 54 என்கிறது மாதிரிப் பதிவு முறை. இவ்வளவு அரிதான விடுபடல் சிசு இறப்பு விகிதத்தை அசைக்காது என்ற மறுப்பை ஏற்கிறேன். ஆயினும், தாய் பெற்ற பராமரிப்பின் தரத்தைப் பற்றி எழுதும் ஓர் ஆய்வு, அந்தப் பராமரிப்பு மிக மோசமாகத் தோற்ற இடங்களை ஒன்றுவிடாமல் விலக்கிய தரவிலிருந்து எழுதப்படுகிறது என்பதைத் தன் முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். அந்த வரலாறுகள் மகப்பேறு இறப்புத் தணிக்கை அறிக்கைகளில் இருக்கின்றன. கருவுற்ற பெண்களைக் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் பதிவு செய்யும் பிக்மி பதிவேட்டிலும் அவற்றின் தொடக்கம் இருக்கிறது. குடும்ப நல ஆய்வோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க, அடையாளங்கள் நீக்கப்பட்ட வடிவில், பயிற்சி மாணவர்களுக்கு அரசு அனுமதி தர வேண்டும். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்கள், விடுபட்ட வரிகளைப் பற்றிய ஓர் அட்டவணை இல்லாத எந்த அறிக்கையையும் ஏற்கக் கூடாது.