ஆயிரம் பீடிக்கு என்ன கூலி?

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஆனித் திங்களில் தென்காசி வழியே செல்வோரின் கண்கள் மேற்கே மலைமீதுதான் பதிந்திருக்கும். அஃது இயல்பே. ஆயினும், மாணவ நேயர்களே, இன்று சிறிது நேரம் அருவிக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நடந்து வருமாறு உங்களை அழைக்கிறேன். பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று போகப் போகச் சாரலின் ஈரம் குறைகிறது. குளம் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மானாவாரிப் பயிர், அதுவும் பொய்த்தால் ஒன்றுமில்லை என்னும் நிலம் அது. அங்கே எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையிலோ வாசற்படியிலோ பெண்கள் மடியில் தட்டுடன் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்கள் நனைத்துப் பதமாக்கிய இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, அதில் தூளை வைத்துச் சுற்றி, முனையை மடக்கி நூலால் கட்டுகிறார்கள். பேச்சு ஒருபுறம் நடந்துகொண்டிருக்கும், விரல்கள் நிற்பதில்லை. தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் இவ்வாறு பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் இலட்சக்கணக்கினர்.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா, கூடாதா என்னும் விவாதம் உலகெங்கும் நடக்கிறது. பொருளாதார நூல்களில் அது கோடுகளாகவும் வளைவுகளாகவும் காட்சியளிக்கும். அதை இந்தத் திண்ணையில் வைத்துப் பார்த்தால் அதன் உண்மையான உருவம் நமக்குப் புலப்படும். ஏனெனில் இங்கே கூலி நாளுக்கு இவ்வளவு என்பதன்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் முக்கால் நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் உலகச் செய்தி ஒன்று. 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தொழிற் குழுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதைக் கொண்டு வந்தவர், அப்போது வணிக அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில். கூலி மிகக் குறைந்த சில தொழில்களுக்கு மட்டும், முதலாளி, தொழிலாளி, பொதுவானவர் ஆகிய முத்தரப்பும் கூடிக் குறைந்தபட்சக் கூலி வகுக்க அச்சட்டம் வழி செய்தது. அத்தொழில்களுள் ஒன்று சங்கிலி செய்தல். கிரேட்லி ஹீத் என்னும் ஊரில் பெண்கள் தம் வீட்டுப் பின்புறத்துப் பட்டறைகளில் இரும்பைக் காய்ச்சிச் சங்கிலி அடித்து வந்தார்கள். அவர்களுக்கும் கூலி செய்த வேலையின் அளவுக்குத்தான். 1910-இல் குழு அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று வகுத்தது. பலருக்கு அது முன்னைய கூலியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? உயர்ந்த கூலி எமக்கு வேண்டா என்று சொல்லும் தாள்களில் அப்பெண்களிடமே ஒப்பம் வாங்கினார்கள். பலருக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாது. மேரி மக்கார்த்தர் என்னும் அம்மையாரின் தலைமையில் அவர்கள் பத்து வாரங்கள் போராடிய பின்னரே சட்டம் சொன்ன கூலி கைக்கு வந்தது. சட்டம் எழுதுவது ஒன்று, அது வீட்டுக்குள் வேலை செய்பவரின் கையை எட்டுவது வேறொன்று என்பதை அந்தச் சங்கிலிக்காரிகள் அன்றே கண்டார்கள்.

நம் நாட்டிற்கு வருவோம். 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையத்தை வரலாற்று மாணவர்கள் அறிவீர்கள். அதில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் ஓர் உறுப்பினர். சட்டம் எட்டாத சிறு பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகளும் நாளெல்லாம் உழைப்பதை அவ்வாணையம் எடுத்துக் கூறியது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகக் குழந்தையின் உழைப்பையே அடமானம் வைக்கும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்க 1933-இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. குறைந்தபட்சக் கூலி வகுப்பது பற்றி ஆராயத்தக்க தொழில்கள் எவை என்று ஆணையம் எண்ணிப் பார்த்தபோது பீடித் தொழிலும் அவற்றுள் ஒன்றாக நின்றது. சென்னை அரசு பின்னர் பேராசிரியர் பா. வெ. நாராயணசாமி நாயுடுவைக் கொண்டு பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, தோல் பதனிடுதல் முதலிய தொழில்களை விசாரிக்கச் செய்தது. அறிக்கை 1947-இல் வெளிவந்தது.

இதற்கிடையில் 1946 ஏப்ரலில், நடுவண் அரசின் தொழிலாளர் உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர் குறைந்தபட்சக் கூலி மசோதாவைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். நாடு விடுதலை பெற்றபின், 1948 மார்ச்சில், அது சட்டமாயிற்று. அதன் அட்டவணையில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற தொழில்களுள், அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தோட்டம், கல்லுடைப்பு ஆகியவற்றோடு, பீடி செய்தல் அடங்கிய புகையிலைத் தொழிலும் இருந்தது. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் கூலியை மீண்டும் ஆராய்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. நாளுக்குக் கூலி வகுக்கலாம். செய்த அளவுக்கும் வகுக்கலாம் என்று இரு வழிகளையும் திறந்து வைத்தது.

எவ்வளவு கூலி தந்தால் அது குறைந்தபட்சம் ஆகும்? இந்த வினாவிற்கு 1957 ஜூலையில் புது தில்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு விடை கண்டது. ஒரு தொழிலாளியின் வருவாயில் மூன்று பேருக்குரிய உணவு நடத்தல் வேண்டும், ஆளுக்கு 2,700 கலோரி, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை தனியே, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல கணக்குதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது மாநாடு. ஆடவனுக்குக் கூலியைக் குறைத்துவிடக் கூடாதே என்னும் நல்லெண்ணத்தால் எழுந்த விதி அது. நடைமுறையிலோ, பெண் வீட்டில் இருந்தபடி சம்பாதிப்பது ஏதோ ஓய்வு நேரத்துச் சில்லறை என்னும் நினைப்பு எங்கும் வேரூன்றி நின்றது. மழை பொய்த்த ஆண்டில் ஆலங்குளத்து வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் 'சில்லறை'யால்தான் என்பதை அவ்வூராரிடம் கேட்டால் சொல்வார்கள்.

உயர்த்தக் கூடாது என்போரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். அது வெறும் பேராசையின் குரல் அன்று. பீடியின் விலையில் கூலி ஒரு பெரும் பங்கு. இயந்திரம் இல்லாத தொழில் ஆதலால் கூலி ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். ஒரு மாநிலத்தில் ஏறினால் இலையும் தூளும் அடுத்த மாநிலத்திற்குப் போய்விடும் என்பது அவர்கள் கூற்று. நீதிமன்றம் இதற்கு ஒருவகை விடை தந்தது. கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலியை வகுக்கும்போது முதலாளியின் கொடுக்கும் ஆற்றலைப் பார்க்க வேண்டுவதில்லை என்று கூறியது. சட்டப்படி இது முடிந்த முடிவு. எனினும் வேலை அடுத்த மாநிலத்திற்கு நடந்து செல்வதை எந்த நீதிமன்றமும் தடுத்து நிறுத்த இயலாது.

வேலை நடந்து சென்றதற்குச் சான்று உண்டு. முதலில் அது சென்றது பட்டறையிலிருந்து வீட்டிற்கு. சென்னை மாநிலம் 1947-இல் இயந்திர விசையற்ற தொழிற்கூடங்களுக்கும், 1958-இல் பீடித் தொழிற்கூடங்களுக்கும் சட்டம் செய்தது. வேலை நேரம், காற்றோட்டம், விடுமுறை எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் கூடம் இருந்தாலன்றோ கூடத்துச் சட்டம்! இலையையும் தூளையும் இடைத்தரகர் வழியே வீடுகளுக்கு அனுப்பிவிட்டால் ஆய்வாளர் வந்து பார்க்க ஒன்றும் இராது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1966-இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றிற்று. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே. இடையில் ஒப்பந்தக்காரர் எத்தனை பேர் நின்றாலும் யாருக்காக வேலை நடக்கிறதோ அவரே முதன்மை முதலாளி என்றது அச்சட்டம். எதிர்த்து வழக்குகள் எழுந்தன. 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

அதற்குள் மலைக்கு அப்பால் ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது. இச்சட்டத்தைச் செயற்படுத்தக் கேரளம் முனைந்தபோது, 1968-இல், கண்ணூர்ப் பகுதியில் பெரும் அளவில் தொழில் நடத்திய மங்களூர் முதலாளிகள் கூடங்களை மூடிவிட்டு வெளியேறினர். சுமார் 12,000 பேர் வேலையிழந்தனர். ஆகவே உயர்த்தக் கூடாது என்போரின் அச்சம் மெய்யாயிற்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969 பிப்ரவரியில் அத்தொழிலாளர்களே அரசின் உதவியுடன் கேரள தினேஷ் பீடி என்னும் கூட்டுறவைத் தொடங்கினர். சட்டம் சொன்ன கூலியையும் அதற்கு மேற்பட்ட நலன்களையும் தந்துகொண்டே அது வளர்ந்து, ஒரு காலத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை அளித்தது. பிற்காலத்தில் பீடிக்கே மவுசு குறைந்தபோது அதுவும் சுருங்கியது. குடை, உணவுப் பண்டம் என்று வேறு தொழில்களை நாடியது. என் கருத்தில், முதலாளிகள் போனதற்கும் கூட்டுறவு நின்றதற்கும் காரணம் ஒன்றுதான்: கூலி வேறுபாடு. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் ஊர் எல்லைக்கு அப்பால் இருந்ததால் அவர்கள் போக முடிந்தது. நம் தென்காசிச் சீமையும் அத்தகைய ஊர்களைக் கொண்டதுதானே! செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். புளியரைக்கு இருபுறமும் ஒரே சாரல் விழுகிறது. சட்டம் வகுத்த கூலி மட்டும் வேறு.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். மாலையில் அப்பெண்கள் கட்டிய பீடிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒருவர் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறார். தளர்ந்தது, கோணலானது, நீளம் குறைந்தது என்று சிலவற்றை ஒதுக்குகிறார். ஒதுக்கியவற்றுக்குக் கூலி இல்லை. கணக்கிற்காக ஆயிரத்துக்கு 100 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். பெரும் போராட்டம் நடந்து கூலி 105 ரூபாய் ஆகிறது. அதே வாரம் ஒதுக்குவது ஆயிரத்துக்கு 50 ஆகிறது. 950 பீடிக்கு அவள் பெறும் கூலி 99 ரூபாய் 75 காசு! உயர்வு வந்தது, கைக்கு வந்ததோ பழைய கூலியினும் கால் ரூபாய் குறைவு. அன்றியும், தந்த இலை கிழிசலாகவோ பழுப்பாகவோ இருந்து ஆயிரத்துக்குக் காணாவிட்டால், குறையும் இலையைத் தன் காசில் வாங்கி ஈடு செய்ய வேண்டியவள் அவளே. ஒதுக்கிய பீடிகள் எல்லாம் குப்பைக்குத்தான் போகின்றனவா என்று அவர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் செய்த விதிகள் ஒதுக்குவதற்கு ஒரு வரம்பு கட்டியதன் காரணம் இதுவே. நாளிதழ்களில் கூலி உயர்வு தலைப்பாகிறது. இந்த வரம்பு மீறப்படுவது எங்கும் தலைப்பாவதில்லை.

நாளொன்றுக்கு ஆயிரம் சுற்றலாம் என்று வைத்துக் கணக்கிடுவதும் இத்தகையதே. தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நடுவே சுற்றுபவளுக்கு அந்த ஆயிரம் பல நாள் எட்டுவதில்லை. ஆகவே நாட்கூலி எத்தனை உயர்ந்ததாகத் தாளில் தோன்றினாலும், அவளுக்கு அதில் பாதியோ முக்காலோதான். தூளின் நெடியால் வரும் இருமலுக்குக் கணக்கே இல்லை. 1976-இல் பீடிமீது ஒரு தீர்வை விதித்து நலநிதி திரட்டினார்கள். மருத்துவமனையும் வீட்டு உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் அதிலிருந்து வந்தன. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது.

எல்லை தாண்டும் சிக்கலுக்கு வருவோம். எந்த மாநிலமும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் ஒரு தரை அமைத்தால், வேலை ஓடி ஒளிய இடம் குறையுமன்றோ? 1996-இல் அவ்வாறு நாளுக்கு 35 ரூபாய் என்று ஒரு தேசியத் தரைமட்டக் கூலி அறிவிக்கப்பட்டது. படிப்படியாக ஏறி 2017-இல் 176 ரூபாய் ஆயிற்று. ஆனால் அது அறிவுரையே அன்றிக் கட்டளை அன்று. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக எழுந்து, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசு வகுக்கும் தரைக்கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் குறைந்தபட்சக் கூலியை வகுக்கலாகாது என்று அது கூறுகிறது. இதனைப் பெரும் முன்னேற்றம் என்றே கருதுகிறேன். எனினும் அதே சட்டம், வெவ்வேறு நிலப்பகுதிகளுக்கு வெவ்வேறு தரைக்கூலி வகுக்கவும் இடம் தருகிறது. அவ்வாறு வகுக்கும் நாளில் புளியரைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே எண் எழுதப்படுமா, இரண்டு எண்களா என்பதைத்தான் ஆலங்குளத்துத் திண்ணையில் இருப்பவர்கள் சார்பில் நாம் முதலில் பார்க்க வேண்டும். அடுத்தபடியாக, கடையில் கட்டைப் பிரித்துப் பார்ப்பவரின் கை எத்தனை பீடியை ஒதுக்குகிறது என்பதை.