மாப்பிள்ளை வாங்கிய ஜெட் படகு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் நியூசிலாந்திலிருந்து போன். தங்கச்சி வீட்டுக்காரர். "மச்சான், ஒரு சந்தேகமுங்க. இஞ்சின் கத்துது, போட்டு நகரவே மாட்டேங்குது."

அவர் போட்டு வாங்கின விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். கிறைஸ்ட்சர்ச்சில் வேலை. சனி ஞாயிறு வைமாகரிரி ஆற்றில் சுத்துவதற்காக ஒரு செகண்ட் ஹேண்ட் ஜெட் படகு. தங்கச்சியிடம் பாதி விலைதான் சொல்லியிருக்கிறார் (அது அவங்க வீட்டுப் பிரச்சினை, நமக்கெதுக்கு). நானோ தளேகாவ் எம்ஐடிசியில் பதினாலு வருஷமாக பம்பு பார்க்கிறவன். படகு என்றால் காலால் மிதிக்கிற படகு வரைக்கும்தான் அனுபவம். ஆனாலும் அவர் சொன்ன நோய் எனக்குப் பழக்கமான நோய்.

"கல்லு மண்ணு ஏதாச்சும் இழுத்துச்சா மாப்ளே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கதை வெளியே வந்தது. முந்தின நாள் எட்டு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எதிரே திடீரென்று ஒரு கல்லுத் திட்டு. பயந்து போய் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார். படகு திரும்பவே இல்லை. நேராகப் போய் கூழாங்கல் மேல் ஏறிவிட்டது. பாப்பாவுக்கு உதட்டில் சின்னக் காயம், அவ்வளவுதான். நல்லவேளை.

இதில் ஸ்டியரிங் மேல் குத்தம் இல்லை. ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீச்சுகிற தண்ணீரை இடமும் வலமும் திருப்பித்தான் படகு திரும்பும். ஆக்சிலேட்டரை விட்டால் பீச்சல் போச்சு, திருப்பமும் போச்சு. காரில் பழகின காலுக்கு இது ஏறவே ஏறாது.

இது ஏன் இப்படி என்று கேட்டால் வரலாற்றுக்குத்தான் போகணும்.

தண்ணீரைப் பீச்சிப் படகு ஓட்டுகிற யோசனை பழசு. 1787-லேயே ஜேம்ஸ் ரம்ஸி என்பவர் அமெரிக்காவின் பொடோமாக் ஆற்றில் நீராவி பம்பு வைத்து ஓட்டிக் காட்டினார். 1866-ல் பிரிட்டிஷ் கடற்படை 'வாட்டர்விட்ச்' என்று ஒரு கப்பலே கட்டியது. எதுவும் நிலைக்கவில்லை. ஆழமான தண்ணீரில் புரொப்பெல்லர் இருக்கும்போது பம்பு யாருக்கு வேண்டும்?

வேண்டியது பில் ஹாமில்டனுக்கு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர், 1899-ல் பிறந்தவர். பண்ணையிலேயே பட்டறை வைத்து மண் அள்ளும் இயந்திரமெல்லாம் செய்தவர் (எங்க ஊர் ஜேசிபி பேக்டரியைத் தாண்டும்போதெல்லாம் இப்போது இவர் ஞாபகம் வருகிறது). அங்கே ஆறு என்றால் முழங்கால் தண்ணீரும் கூழாங்கல்லும்தான். தளேகாவ் பக்கம் குண்ட்மளாவில் இந்திராயணி பாறைக்கு நடுவில் புகுந்து ஓடுமே, 2025 ஜூனில் இரும்புப் பாலம் இடிந்து நாலு பேர் போன இடம், அங்கே கோடையில் புரொப்பெல்லர் படகை விட்டுப் பாருங்கள். பத்தடி போகாது. அதே தொல்லைதான் ஹாமில்டனுக்கும்.

1954 வாக்கில் ஓர் அமெரிக்கப் பம்பு அமைப்பைப் பார்த்துத் தன் முதல் ஜெட் படகைச் செய்தார். முதலில் பீச்சல் படகுக்கு அடியில் இருந்தது. அதைத் தூக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே பின்பக்கமாகப் பீச்ச வைத்ததும் படகு பறந்தது. அடியில் நீட்டிக்கொண்டு எதுவும் இல்லை, அதனால் சாண் தண்ணீரிலும் ஓடும். ஆனால் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொண்டதில்லை, பெருமை ஆர்க்கிமிடீசுக்கு என்பார்.

1960-ல் இந்தப் படகுகள் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியாக எதிர்நீச்சல் போட்டு ஏறின. 1977-ல் நம்ம ஊருக்கே வந்தன. எட்மண்ட் ஹில்லாரி மூன்று ஜெட் படகுகளோடு கங்கைக் கடல்முகத்திலிருந்து, மழைக்கால வெள்ளத்துக்கு எதிராகச் சுமார் 2,400 கிலோமீட்டர் ஏறினார். ஓட்டியவர்களில் ஹாமில்டனின் மகன் ஜானும் ஒருவர். நந்தப்பிரயாகை பக்கம் ஓர் அருவிதான் கடைசியில் நிறுத்தியது. அதற்கு மேல் மலையேறப் போய் ஹில்லாரி உயரத்தில் உடம்பு முடியாமல் கீழே இறக்கப்பட்டது தனிக்கதை. ஹாமில்டன் அடுத்த வருஷம் 1978-ல் காலமானார். அவர் கம்பெனி இன்றும் கிறைஸ்ட்சர்ச்சில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை அந்த ஊரிலேயே இருந்துகொண்டு தளேகாவுக்குப் போன் போடுகிறார்!

சரி, வைத்தியத்துக்கு வருவோம். எங்க அப்பா கோபிப் பக்கம் கிணத்து மோட்டார் வைத்திருந்தார். ஃபுட் வால்வு சல்லடையில் பாசி அடைத்தால் தண்ணீர் ஏறாது. மணல் இழுத்தால் இம்பெல்லர் தேயும். ஜெட் படகும் அதேதான். அடியில் சல்லடை, உள்ளே இம்பெல்லர், அதைச் சுற்றி வேர் ரிங் (மரத்து வேர் இல்லைங்க, தேய்மான வளையம்). இரண்டுக்கும் இடையே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கணும். கல் புகுந்து கீறினால் இடைவெளி கூடும். இஞ்சின் கத்தும், தள்ளு இருக்காது.

"முதல்ல சாவியை எடுத்துப் பாக்கெட்ல போடுங்க. அப்புறமா சல்லடையில கை வைங்க" என்றேன். நிறைய படகுகளில் கியர்பாக்ஸே கிடையாது. இஞ்சின் ஓடினால் உள்ளே இம்பெல்லரும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நியூட்ரல் என்பது பின்னால் இருக்கிற தடுப்பைப் பாதி இறக்கி வைப்பது, அவ்வளவுதான். விரல் போனால் போனதுதான்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. பேரிங்குக்கு கிரீஸ். இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர்தான், அதனால் மணல் வடிகட்டியைக் கழுவணும். உப்புத்தண்ணீரில் போனால் நல்ல தண்ணீர் விட்டு அலசணும். அடித்தக்கையை மாட்டிவிட்டோமா என்று ஆற்றில் இறக்கும் முன் பார்க்கணும். ஆளில்லாத இடத்தில், ஆக்சிலேட்டரை விடாமல் திரும்பிப் பழகுகிற வரைக்கும் பாப்பாவை ஏற்றக் கூடாது என்றும் சொன்னேன். "சரிங்க மச்சான்" என்றார், குரல் இறங்கிப் போயிருந்தது.

ரெண்டு நாள் கழித்துப் போட்டோ வந்தது. சல்லடைக்குள் ஒரு முழம் நைலான் கயிறு, இம்பெல்லர் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு ரெண்டு கல். வேர் ரிங்கில் நாலு ஆழமான கீறல். வித்தவர் போன வருஷம்தான் மாற்றியதாகச் சொன்னாராம். புதுசு வாங்கி மாட்டியாச்சு. பழையதைத் தூக்கிப் போடாமல், ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவோட தேஞ்சுபோன இம்பெல்லர் ஒன்று இன்னும் எங்க வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது, பக்கத்தில் வைக்கலாம்.