விக்கிரவாண்டிப் போரும் நூலகத்துக்கு ஒரு புத்தகமும்



நம் செட் சார்பில் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நல்ல போர் வரலாற்று நூல் வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானோ சாலைப் பொறியாளன். நண்பன் ஒருவன், "அமெரிக்க உள்நாட்டுப் போர் வாங்குடா, படம், வரைபடம் எல்லாம் பிரமாதமா இருக்கும்" என்றான். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரைப் பற்றி நல்ல நூல்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாலு வருஷம் பஸ்ஸில் வந்து படித்தவன் நான். நடுவில் விக்கிரவாண்டி. அங்கே 1752-ல் ஒரு போர் நடந்தது என்று அந்த நாலு வருஷத்தில் எனக்குத் தெரியாது. வாட்டர்லூ தெரியும், பானிப்பட் தெரியும்!

"அது இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்ட சண்டை. உள்நாட்டுப் போர்னு எப்படிச் சொல்ற?" என்று நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. பள்ளிப் பாடத்தில் 'இரண்டாம் கர்நாடகப் போர்' என்றுதான் படித்தோம். ஆனால் ஆரம்பம் எங்கே? 1748-ல் நிஜாம் இறந்ததும் மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுத் தகராறு. ஆற்காட்டு நவாப் பதவிக்கு அன்வருத்தீனோடு சந்தா சாகிப் போட்டி. 1749-ல் ஆம்பூரில் அன்வருத்தீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி திருச்சிக்குப் போனார். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர், மறுபக்கம் ஆங்கிலேயர் சேர்ந்துகொண்டார்கள். இரு தரப்புப் படையிலும் பெரும்பாலோர் இந்த நாட்டுச் சிப்பாய்கள்தான். வீட்டுச் சண்டையில் அடுத்த வீட்டுக்காரன் நுழைந்த கதை இது.

நம் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 1750-ல் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அதை மீட்க 1752-ல் மேஜர் கின்னீர் ஆங்கிலப் படையோடு போனார். கோட்டையின் வலிமையைக் கண்டு திரும்பியவரை விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படை தோற்கடித்தது. சில வாரங்களில் பாகூரில் லாரன்ஸ் பதிலடி கொடுத்தார். 1760-ல் வந்தவாசியில் வென்ற கூட், திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் மலைக்கோட்டையையும் கைப்பற்றினார்.

சரி, எந்த நூல்? பொறியாளன் புத்தியில் மூன்று சோதனை வைத்தேன். ஊரும் தூரமும் தரையோடு பொருந்துகிறதா? தன் தரப்புத் தோல்வியை மறைக்காமல் சொல்கிறதா? சண்டையின் செலவு யார் தலையில் விழுந்தது என்று காட்டுகிறதா?

மாலிசன் 1883-ல் எழுதிய 'இந்தியாவின் தீர்மானமான போர்கள்' படிக்கச் சுவையானது. ஆனால் பெரிய வெற்றிகளைப் பொறுக்கியெடுத்த நூல். விக்கிரவாண்டிக்கென்று அதில் அத்தியாயம் இல்லை. ராபர்ட் ஓர்ம் அஞ்சுதெங்கில் பிறந்தவர், சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். அவர் நூலின் முதல் பாகம் 1763-லேயே வெளிவந்துவிட்டது. கம்பெனிக்காரர்தான், சார்பு உண்டு. ஆனாலும் சின்ன ஊர்களையும் விடவில்லை. கின்னீரின் தோல்வியையும் எழுதியிருக்கிறார். முதல் இரண்டு சோதனையில் ஓர்ம் தேறினார்.

மூன்றாவதில் தேறவில்லை. படை கடந்துபோன வயல் யாருடையது, மாட்டையும் நெல்லையும் பறிகொடுத்தவன் என்ன ஆனான் என்பதற்கு அவரிடம் இடமில்லை. அதற்குப் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வேண்டும். துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர், 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதியது. அது போர் நூல் அல்ல. பெரிய இடத்து மனிதரின் பார்வைதான். ஆனாலும் வியாபாரம், வதந்தி, முற்றுகைக் காலத்து ஊரார் பயம் எல்லாம் நம் மொழியிலேயே கிடைக்கும்.

ஓர்ம் நூலை வாங்கிவிட்டோம். நாட்குறிப்பை அடுத்த செட் வாங்கித் தந்தால் நன்றாயிருக்கும். ஓர்ம் எழுதும் ஊர்ப் பெயர்கள் முதலில் குழப்பும். 'பெர்மகாயில்' என்பது நம்ம பெருமுக்கல் என்று பிடிபடவே எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு! அதனால் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதிக் கடைசி அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். விட்டுப்போன ஊர்களைத் தம்பி தங்கைகள்தான் சேர்க்க வேண்டும். அதில் உங்கள் ஊரும் இருக்கலாம்.