கதிரவெளியின் கருமணலும் குடியரசின் உடைமையும்

வாழைச்சேனையிலிருந்து வடக்கே திருகோணமலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, பால்சேனை, கதிரவெளி ஆகிய ஊர்களை ஒட்டிச் சென்று வெருகலாற்றை அடைகிறது. ஒருபுறம் வங்கக்கடல்; மறுபுறம் வாவியும் உப்பாறும் கண்டற்காடும். இரண்டு உப்புநீர்களுக்கும் இடையே கிடக்கும் மணல்மேட்டின்மீதே கோறளைப்பற்று வடக்கின் குடிகளிற் பெரும்பாலார் வாழ்கின்றனர். அவர்களுடைய கிணறுகளில் நல்ல நீர் ஊறுவதற்குக் காரணம் அம்மணல்தான். மாரியில் விழும் மழைநீரை அது தன் வயிற்றில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்தபடி கோடை முழுவதும் ஊருக்கு உதவுகிறது. மணலைக் குறைத்தால் நீரும் குறையும். இதை அறிய வேதியியற் பட்டம் வேண்டியதில்லை. கிணறு வெட்டிய எவரும் சொல்வர்.

இம்மணலில் வேறொன்றும் உண்டு. வாடைக்காலத்து அலை ஓய்ந்த பின் கரையில் கருங்கோடுகளாகப் படிந்து கிடக்கும் கனத்த துகள்கள் அவை. இல்மனைற்று என்பது அவற்றுள் முதன்மையானது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். நாட்டின் நடுவண் மலைப்பாறைகள் காலந்தோறும் அரிபட்டு மகாவலி வழியே கடலைச் சேர்ந்தன. அம்மகாவலியின் ஒரு கிளையே வெருகலாறு. கடல் நீரோட்டம் இலேசான மணலை அள்ளிச் சென்று, கனத்ததைக் கரையில் விட்டுச் சென்றது. அதிலிருந்து பெறப்படும் தைத்தேனிய ஈரொட்சைட்டு உலகத்தின் வெண்மைக்குப் பெரிதும் பொறுப்பாக உள்ளது. சுவரிற் பூசும் வர்ணத்திலும், உயர்தரக் கடதாசியிலும், பிளாஸ்ரிக்கிலும், பற்பசையிலுங்கூட அது கலந்துள்ளது. வாகரையின் கருமை கடல் கடந்து வெண்மையாகித் திரும்பி வருகிறது. திரும்பும்போது அதற்கு விலையும் கூடிவிடுகிறது.

2020க்குப் பின்னரான ஆண்டுகளில் இப்பகுதியில் இல்மனைற்று அகழும் முயற்சிகள் தலையெடுத்தபோது, கதிரவெளி, வாகரை மக்கள் வீதிக்கு இறங்கி எதிர்த்தனர். தொழில் வரும், வீதி வரும், ஊர் வளரும் என்று ஒரு சாரார் கூறினர். கிணறு வற்றும், கரை கரையும், கரைவலைக்கு இடமிராது என்று மறுசாரார் கூறினர். இவ்விரு கூற்றுகளுக்கும் அப்பால் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. இந்த மணலைக் கொடுக்கவும் மறுக்கவும் உரிமை உடையவர் யார்? அந்த உரிமை அவர் கைக்கு வந்த வரலாறு யாது?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம், பயிர்செய்யாத நிலம் ஆகியன யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன என்று அச்சட்டம் விதித்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. நிரூபிக்கவேண்டிய சுமை குடியானவன் தலையில் ஏற்றப்பட்டது. எழுத்தாவணத்தைக் கண்டறியாத ஒருவன் தன் பாட்டன் வேட்டையாடிய காட்டுக்கும் வலை காயவிட்ட மணலுக்கும் எந்த ஓலையைக் காட்டுவான்? வாகரைப் பகுதியில் அந்நாளில் வாழ்ந்தோருள் கரையோர வேடரும் இருந்தனர். 1911இல் வெளிவந்த செலிக்மான் தம்பதியரின் 'வேடர்' பற்றிய நூல், தமிழ் பேசி மீன்பிடித்து வாழ்ந்த இம்மக்களுக்கெனத் தனி இயலே ஒதுக்கியுள்ளது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அவர்களுடைய நிலத்துக்குச் சட்டத்தின் பார்வையில் 1840 முதலே உடையவர் வேறொருவர்.

மேற்பரப்பைப் பெற்ற முடி, அடியில் இருப்பதை அறியவும் விரும்பியது. 1903இல் கனியவளங்களை ஆராயும் அளவைப்பணி தொடங்கப்பட்டபோது அதன் இயக்குநராக அமர்ந்தவர் வேறு யாருமல்லர். பின்னாளிற் கலைவரலாற்றறிஞராக உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமியே. 1904இல் தோரியனைற்று என்னும் கனியத்தை அவர் கண்டறிந்தார். எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்ட காலமாதலின் அதற்கு ஐரோப்பாவில் நல்ல விலை இருந்தது. இச்சேவையின்போது கிராமங்களிற் சுற்றியலைந்த குமாரசுவாமி, கைவினைகள் அழிவதைக் கண்டு மனம் மாறிய கதை தனியே எழுதத்தக்கது. பாறையைத் தேடிச் சென்றவர் மனிதரைக் கண்டு திரும்பினார் என்பதை மட்டும் இங்கே குறித்து அப்பாற் செல்வோம்.

அதே காலத்திற் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இக்கதை நிகழ்ந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, 1909இல் சோம்பர்க் என்னும் செருமானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சிக் கரையின் மோனசைற்றை உலகுக்கு அறிவித்தார். கயிறு திரித்த பெண்களின் கையில் ஒட்டியிருந்த மணலும் அதுவே. அவர்களுக்குக் கயிற்றுக்கூலி கிடைத்தது. மணலுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இலங்கையில் விடுதலைக்குப் பின் ஒரு மாற்றம் ஏற்பட்டது. 1956இல் வாழைச்சேனையிற் கடதாசி ஆலை இயங்கத் தொடங்கியது. 1957ஆம் ஆண்டின் அரசாங்கக் கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின்கீழ்க் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, கொக்கிளாய்க்குத் தெற்கேயுள்ள புல்மோட்டைக் கரையை அது பொறுப்பேற்றது. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளமுள்ள அக்கரையின் மணலிற் பத்தில் ஏழு பங்கு இல்மனைற்று. உருத்தைலும் சேர்க்கனும் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கை அணுகுவன. உலகில் இத்துணைச் செறிவுள்ள கரைகள் சிலவே. நீரிற் கழுவியும், காந்தத்தால் ஈர்த்தும், உயர் மின்னழுத்தத்தால் விலக்கியும் துகள்களைப் பிரித்தனர்.

அந்நாள் முற்போக்காளர் இதனை வரவேற்றனர். நாமும் அவர்களைக் குறைகூற மாட்டோம். அந்நியக் கம்பனியின் கைக்குப் போகவேண்டியது மக்கள் அரசின் கைக்கு வந்தது என்று நம்புவதற்கு அன்று நியாயம் இருந்தது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் அம்மணலின் பெரும்பகுதி மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. தைத்தேனிய வெண்பொடி செய்யும் பேராலை இந்நாட்டில் எழவில்லை. போர் இடையிட்டது உண்மை. 1997 செப்தெம்பரில் புல்மோட்டையில் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த 'கோடியாலிற்றி' என்னும் கப்பலே தாக்குதலுக்கு இலக்காயிற்று. ஆயினும் எல்லாப் பழியையும் போரின் தலையிற் போட்டுவிட முடியாது. போருக்கு முன்னும் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட அமைதிக்காலம் இருந்ததன்றோ?

உடைமை அரசினதானது, பயன் யாருடையதானது என்பதை எம்மவர் போதிய அளவு கேட்கவில்லை. இது எம் போன்றோர் ஒப்புக்கொள்ளவேண்டிய குறையாகும்.

இன்று நடைமுறையிலுள்ளது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம். முன்னிருந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த இது, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தை உருவாக்கியது. அதன் உயிர்நாடியான ஏற்பாட்டை எளிய தமிழிற் கூறினால் இவ்வாறு அமையும்: நிலத்தின்மீது எவருக்கு எவ்வுரிமை இருப்பினும், அந்நிலத்திலுள்ள கனியத்தின் முழு உடைமை குடியரசுக்கே உரியது. உறுதிக்காணி வைத்திருப்பவருக்கே இதுதான் நிலையென்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் வாழ்பவர் நிலை என்ன? அப்பத்திரத்தையும் கடற்கோளிலோ போரிலோ தொலைத்தவர் நிலை என்ன?

ஆய்வதற்கும், அகழ்வதற்கும், பதப்படுத்துவதற்கும், கொண்டுசெல்வதற்கும், விற்பதற்கும், ஏற்றுமதி செய்வதற்கும் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரத்தினக்கல்லுக்கு வேறு அதிகாரசபை உண்டு. அகழ்பவர் அரசுக்கு உரித்துப்பணம் செலுத்தவேண்டும். தோண்டிய நிலத்தைச் சீர்செய்வதற்குப் பிணைவைக்கவேண்டும். இவை யாவும் நல்ல ஏற்பாடுகளே. இவற்றுக்குப் பக்கத்தில் வேறு சட்டங்களும் நிற்கின்றன. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தமும் 1993ஆம் ஆண்டு வர்த்தமானியும் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின; 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட மேற்பரப்பு அகழ்வு அவற்றுள் ஒன்று. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையிலும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் வரையிலும் தனி அனுமதி கேட்கிறது. ஆக, தடுப்புகள் இல்லையென்று எவரும் கூறமுடியாது. ஒவ்வொரு தடுப்பின் கதவும் கொழும்பை நோக்கித் திறக்கிறது என்பதே எமது முறைப்பாடு.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் இதை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. கனியங்களும் சுரங்கங்களும் அவற்றின் உரித்துப்பண அறவீடும் மத்திய அரசுக்கென ஒதுக்கிய நிரலில் வைக்கப்பட்டன. மாகாணத்துக்கு விடப்பட்டது, பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமான ஒழுங்குபடுத்தல். ஒரு கையால் நீட்டி மறுகையால் இழுத்துக்கொள்ளும் கொடை இது. அந்தக் கொடையையேனும் பயன்படுத்தக்கூடிய கிழக்கு மாகாண சபை 2017இற் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன.

அயலிலே நிலைமை சற்று வேறு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்துக்கு 2015இற் செய்யப்பட்ட திருத்தம், சுரங்கத்தாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கென அவ்வம்மாவட்டத்திலேயே கனிம நிதியம் அமைக்கச் செய்தது. அந்நிதி சொன்னபடி செலவாகிறதா என்பது வேறு விடயம். ஊருக்கு ஒரு பங்குண்டு என்ற கொள்கையேனும் ஏட்டில் ஏறியது. கனிம உரிமைமீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென 2024 யூலையில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசு 2013இல் தன் கடற்கரை மணல் அகழ்வை நிறுத்தி விசாரித்ததும் மாநிலத்துக்குக் கையொப்ப உரிமை இருந்தமையாலேயே.

இலங்கையில் மக்கள் வென்ற வழக்கு ஒன்று உண்டு. எம் மாணவர் பலர் அதனை அறியார். எனவே சற்று விரித்துரைப்பது கடனாகும். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இற் பொசுபேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அரச நிறுவனமொன்று உள்ளூர்த் தேவைக்கு அதனைச் சிறிது சிறிதாக அகழ்ந்து வந்தது. 1990களில் அமெரிக்கக் கம்பனியுடன் கூட்டாக அதனைப் பெருமளவில் அகழ்ந்து ஏற்றுமதி செய்யும் ஒப்பந்தம் உருவானது. நூற்றாண்டுகளுக்கு நீடிக்கக்கூடிய வளம் முப்பது ஆண்டளவில் தீர்ந்துவிடும் நிலை. ஆயிரக்கணக்கானோர் இடம்பெயரவேண்டும், பழைமை வாய்ந்த யோத கால்வாயின் ஒரு பகுதியும் ஆபத்துக்குள்ளாகும். அவ்வூரவர் எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் அவர்களுள் அடங்குவர். 2000 யூனில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றது. முழுமையான ஆய்வும் அதன் முடிவுகளின் வெளியீடும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் நிறைவேறும் முன் எவ்வொப்பந்தமும் செய்யலாகாது என்று நீதிமன்றம் தடுத்தது. இயற்கை வளத்துக்கு அரசு தன்னிச்சையான உடைமையாளன் அன்று, மக்கள் சார்பான காவலன் என்னும் கருத்தைத் தேவநம்பிய தீசனுக்கு மகிந்தர் கூறிய அறிவுரை வரை பின்சென்று அது நிலைநாட்டியது.

1992ஆம் ஆண்டுச் சட்டம் 'உடைமை' என்கிறது. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு 'காவல்' என்கிறது. வாகரை மக்களின் போராட்டம் இவ்விரு சொற்களுக்கும் இடையில் நடப்பது.

எப்பாவலையிற் புராதன விகாரை இருந்தது. மன்னன் வெட்டிய கால்வாய் இருந்தது. தலைநகரின் அறிஞர் குரல் கொடுத்தனர். வாகரையில் என்ன உண்டு? 2004 டிசெம்பர் 26இற் கடல் அடித்துச் சென்ற ஊர்கள் உண்டு. 2006 நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்த இடம்பெயர்ந்தோர்மீது எறிகணை விழுந்து 40க்கு மேற்பட்டோர் மாண்ட நினைவு உண்டு. 2007 சனவரியில் வாகரை அரசபடை வசமானபோது வெறுமையாகியிருந்த வீடுகளும், பின்பு முகாம்களிலிருந்து மீண்டவர்கள் நட்ட தென்னம்பிள்ளைகளும் உண்டு. மணற்றிட்டி கடலின் வேகத்தைச் சிறிதேனும் தணிக்கும் என்பதைப் பாடநூலிற் படித்தவர்கள் அல்லர் அவர்கள். அத்தகையோரிடம், உங்கள் காலடி மண் தேசத்தின் சொத்து என்று கூறும்போது, தேசம் என்பதில் தாங்கள் அடக்கமா என்று அவர்கள் கேட்பதை எவரும் குறுகிய மனம் என்று தள்ளிவிட முடியாது.

தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆயத்தமானதும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் வெளிவரும். பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாட்கள் உண்டு. அந்த அறிவித்தலை வாசித்துத் தருவதும், அறிக்கையின் தொழில்நுட்பச் சொற்களை விளக்குவதும், ஊரவர் கருத்தை எழுத்தில் ஆக்குவதும் எம் ஆசிரியர்களால் ஆகாத காரியமன்று. ஆனால் ஆய்வு அனுமதிப்பத்திரம் வழங்கும் கட்டத்தில் இந்த 30 நாள் அவகாசம் இல்லை. மன்னார்த் தீவின் கனியமணலைத் துளையிட்டு ஆராய்ந்த கம்பனி அவுஸ்திரேலியப் பங்குச்சந்தையிற் பெயர் பதிந்தது. தீவின் மணல் எத்தனை தொன் என்னும் கணக்கு முதலீட்டாளர்களுக்கு அங்கே அறிக்கையாக வெளியாயிற்று. அகழ்வதற்கு அனுமதி கிடைக்குமுன்னரே மணலுக்கு ஒரு விலை பிறந்துவிட்டது.