அன்பஜ்: தேனில் காத்த கனி

அரபு அகராதிகளில் ‘அன்பிஜாத்’ என்றொரு சொல் உண்டு. நாரத்தை இனக் காய்கள், கடுக்காய் முதலியவற்றைத் தேனிலிட்டுப் பதப்படுத்தினால் அவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர் அது. அதன் மூலம் ‘அன்பஜ்’, அதாவது நம் மாங்கனி. இந்தியாவில் விளையும் இக்கனி தேனில் பதமிடப்பட்டதையும், இராக்கிற்குக் கொண்டு செல்லப்பட்டதையும் ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ஸூர் தம் ‘லிஸானுல் அரப்’ அகராதியில் பதிந்துள்ளார். விரைவில் குழைந்துபோகும் ஒரு கனியின் பெயரே, கனிகளைக் காக்கும் கலைக்கும் பெயராயிற்று!

முதிராது உதிர்ந்த மாங்காய்களை இந்தியர் உப்பிட்டு ஊறவைப்பதைப் பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா கண்டெழுதினார். மாங்கனிகளுள் பெரும்பாலானவை காயாகவே பறிக்கப்பட்டு, வீட்டில் பழுக்க வைக்கப்படுவதைப் பாபர் தம் நினைவுக் குறிப்பில் சொன்னார். ஆயின் கனியைக் கனியாகவே நிறுத்திவைக்கும் வழியை உரைத்தவர், அக்பரின் அவையறிஞர் அபுல் ஃபஸ்ல் (இறப்பு 1602).

‘ஆயினே அக்பரி’யில் அவர் தரும் முறை இது: அரைப்பழத்தை இருவிரல் நீளக் காம்புடன் கொய்க, காம்பின் முனையை இளஞ்சூடான மெழுகால் அடைக்க, பின்னர் வெண்ணெயிலோ தேனிலோ இட்டு வைக்க. சுவை இரண்டு மூன்று மாதங்களும், நிறம் ஓராண்டும் நிலைக்கும் என்கிறார்.

இம்முறையின் காரணங்களை இன்றைய அறிவியலால் விளக்க முடிகிறது. பறித்த பின்னும் மாங்காய் சுவாசிக்கிறது. எத்திலீன் வாயுவைத் தானே வெளியிட்டுத் தன் கனிவை விரைவுபடுத்துகிறது. அப்போது சதையைப் பிணைத்துள்ள பெக்டின் சிதைந்து பழம் குழைகிறது. நீண்ட காம்பு, பால் வடிந்து தோல் வெந்துபோகாமல் காக்கும். மெழுகு, காம்புவழியே பூஞ்சை நுழைவதைத் தடுக்கும். தேனும் வெண்ணெயும் காற்றை விலக்கும். ஆக்ஸிஜன் குறையச் சுவாசம் தணிந்து, கனிதல் தாமதமாகும். இன்றைய கிடங்குகளும் ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ் குளிரில், ஆக்ஸிஜனைக் குறைத்து இதனையே செய்கின்றன. காற்று அறவே அற்றுப்போனால் சுவை திரியும். ஆதலால் அபுல் ஃபஸ்லின் மாதக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் அம்முறையின் போக்கு சரியானதே.

‘ஆயினே அக்பரி’யை நிலவரிக்காகவும், ‘லிஸானுல் அர’பைச் சொற்பொருளுக்காகவும் திறக்கிறோம். பாடம் நடத்தும் நாமும் மாங்கனிப் பக்கங்களைப் பல்லாண்டு கடந்தே சென்றோம். கனி காய்ப்பதையும் கனிவதையும் உற்றுநோக்குமாறு அல்அன்ஆம் அத்தியாயத்தின் 99ஆம் வசனம் பணிக்கிறது. வசனத்தை நாம் ஓதிச் சென்றோம். முன்னோர் நோக்கியும் வைத்தனர். அவர்கள் நோக்கிக் கண்டவை நம் நூலகங்களிலேயே இருக்கின்றன.