மாதச் சந்தா கட்டினால் குடும்ப டாக்டர்: பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

கொச்சி இடப்பள்ளியில் வாடகை வீடு, காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை, மூன்று நாளாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைக்கு இங்கே பஞ்சமில்லை, அமிர்தாவே பக்கத்தில்தான். ஆனால் எந்தத் துறைக்கு டோக்கன் போடுவது? சொந்த ஊரில் என்றால் உங்கள் அலர்ஜியும் அப்பாவின் சுகரும் தெரிந்த ஒரு டாக்டர் இருந்திருப்பார். புது ஊரில் காலியாக இருக்கும் அந்த இடத்தைத்தான் சந்தா மருத்துவம் பிடிக்கப் பார்க்கிறது.

இது இன்சூரன்ஸா?

இல்லை. மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தொகை கட்டுகிறீர்கள். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் டாக்டரைப் பார்க்கலாம், போனில் கேட்கலாம். இன்சூரன்ஸ் பாலிசிகள் பெரும்பாலும் நீங்கள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 39.4%. கேரளாவில் அது பாதிக்கும் மேல். அரசு மருத்துவத்துக்குப் பேர்போன மாநிலத்தில் இந்த நிலை!

இந்த ஓட்டையை அடைக்கிறோம் என்றுதான் பெங்களூருவின் ஈவன், புனேவின் லூப் போன்ற நிறுவனங்கள் வந்தன. லூப் உங்கள் கம்பெனி வழியாக வரும். ஈவன் தனிநபர்களுக்கும் மெம்பர்ஷிப் விற்கிறது.

டாக்டருக்கு என்ன லாபம்?

வழக்கமான கிளினிக்கில் நீங்கள் வந்தால்தான் வருமானம். சந்தாவில் நீங்கள் வராவிட்டாலும் வருமானம். அதனால் தேவையில்லாத டெஸ்ட் எழுத வேண்டிய அவசியம் குறைகிறது, நேரம் கொடுத்துப் பேச முடிகிறது. அமெரிக்காவில் இப்படி நடத்தும் டாக்டர்கள் பெரும்பாலும் சில நூறு பேரை மட்டுமே சேர்க்கிறார்கள். வழக்கமான குடும்ப டாக்டரின் பட்டியலில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சரி, மீதிப் பேரை யார் பார்ப்பது? அதற்கு இந்த மாடலில் பதில் இல்லை.

பெரிய பணமும் உள்ளே வந்துவிட்டது. வருடச் சந்தா வாங்கும் ஒன் மெடிக்கல் நிறுவனத்தை 2023 பிப்ரவரியில் அமேசான் சுமார் 390 கோடி டாலருக்கு வாங்கியது. பணம் வந்தால் போதுமா? ஜெஃப் பெசோஸ் முதலீடு செய்திருந்த சியாட்டில் கியூலையன்ஸ், இந்த மாடலின் முன்னோடி. 2017-ல் மூடிவிட்டது.

சென்னைக்கு இது பழசு

ஸ்டார்ட்-அப் யோசனை மாதிரி தெரியும். ஆனால் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் சென்னையில் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், அதாவது அடையாறு வி.எச்.எஸ்., குடும்பங்களிடம் வருடச் சந்தா வாங்கி மருத்துவம் பார்த்தது. ஒரு முக்கிய வித்தியாசம்: சந்தா, வருமானத்தைப் பொறுத்தது. ஏழைக் குடும்பத்துக்குப் பெயரளவுக்குத்தான். இன்றைய ஆப்களில் எல்லோருக்கும் ஒரே விலை, அதனால் கட்ட முடிந்தவர்கள் மட்டுமே உள்ளே.

எந்தச் சந்தா திட்டத்துக்கும் ஒரு தலைவலி உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர் ‘நாம்தான் டாக்டரிடமே போகலையே’ என்று விலகிவிடுவார், நோயுள்ளவர் மட்டும் தங்குவார். கணக்கு இடிக்கும். கட்டணம் ஏறும், இல்லையென்றால் டாக்டரின் நேரம் குறையும்.

இலவச வழி இருக்கிறதா?

இருக்கிறது, நம்மில் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் மிஷன் மூலம் கேரளா தன் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி வருகிறது. மாலையிலும் ஓ.பி. உண்டு. வீட்டில் இருந்தே என்றால், மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் டாக்டரிடம் பேசக் காசு கிடையாது. பிரஷர், சுகருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குபவர் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

கட்டுவதாக இருந்தால்

ஒரு டாக்டருக்கு எத்தனை மெம்பர் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில். ஒவ்வொரு முறையும் அதே டாக்டரா, இல்லை அன்றைக்கு யார் டியூட்டியோ அவரா? இரண்டாவது என்றால் நீங்கள் வாங்குவது குடும்ப டாக்டரை அல்ல, ஒரு கால் சென்டரை. டெஸ்டும் மாத்திரையும் சந்தாவுக்குள்ளா? மதுரையில் இருக்கும் அம்மா அப்பாவைச் சேர்க்கலாமா?

இன்சூரன்ஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அறுவை சிகிச்சைச் செலவைச் சந்தா தாங்காது.

முடிந்தவரை மாதச் சந்தாவாகவே கட்டுங்கள். கிளினிக் மூடினால் மீதிப் பணம் எப்படித் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் அந்தத் தாளும் ரசீதும்தான் உங்கள் கையில் இருக்கும்.