சொந்த முதலில் வளர்ந்த சந்தா மென்பொருள் தொழில்கள்

வெளி முதலீட்டாளருக்குப் பங்கு விற்காமல், நிறுவனர்களின் சேமிப்பையும் வாடிக்கையாளர் தரும் பணத்தையும் மட்டுமே கொண்டு நடத்தப்பட்டு, மாத அல்லது ஆண்டுச் சந்தாவுக்குத் தன் சரக்கை விற்கும் மென்பொருள் நிறுவனங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. சிகாகோவின் 37சிக்னல்ஸ், அட்லாண்டாவின் மெயில்சிம்ப், சென்னையின் ஜோஹோ ஆகிய மூன்றும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. சிக்கனமும் பொறுமையும்தான் இவற்றை வளர்த்தன என்பது பொதுவான பேச்சு. இரண்டும் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் சிக்கனமாகவும் பொறுமையாகவும் இருந்தே மூடிப்போன நிறுவனங்களுக்கும் குறைவில்லை. மூன்றின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரிவது வேறொன்று: சந்தா வருமானம் தன் காலில் நிற்கும்வரை அதைத் தாங்க, வேறொரு தொழில் அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

இந்தத் தாங்கல் ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். மாதச் சந்தா 1,000 ரூபாய் என்றும், விளம்பரம், விற்பனையாளர் சம்பளம் என ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க 9,000 ரூபாய் ஆகிறது என்றும் கொள்வோம். சர்வர் செலவைச் சேர்க்காமலே, போட்ட காசு திரும்ப ஒன்பது மாதம் ஆகும். எனவே வாடிக்கையாளர்கள் வேகமாகச் சேரச் சேரக் கல்லா காலியாகும். ஒரே முறை விலை வாங்கிப் பெட்டியில் மென்பொருள் விற்றவர்களுக்கு இல்லாத விசித்திரத் துன்பம் இது. விலகுவோர் கணக்கு இன்னும் கடுமையானது. மாதம் 3 விழுக்காட்டினர் விலகுவது சிறிதாகத் தோன்றும்; ஆண்டு முடிவில் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினர் போயிருப்பார்கள். மாதந்தோறும் 100 பேர் புதிதாகச் சேர்ந்து, இருப்பவர்களில் 5 விழுக்காட்டினர் விலகினால், எத்தனை ஆண்டு ஓடினாலும் மொத்த எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டாது. விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட, விலகுவோரைப் பாதியாகக் குறைப்பதே மலிவு என்பதைச் சொந்தக் காசில் தொழில் நடத்துபவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். தள்ளுபடி கொடுத்து ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்குவதும் அப்படிக் கற்றதுதான்: வாடிக்கையாளரின் பணமே வட்டியில்லாக் கடனாகிறது. இந்த வழிகள் எல்லாம் ஓரளவு வாடிக்கையாளர் சேர்ந்த பிறகே பலன் தரும். அதற்கு முந்தைய ஆண்டுகளின் சம்பளத்தை வேறு யாரோ கொடுத்தாக வேண்டும்.

37சிக்னல்ஸ் 1999இல் வலைத்தள வடிவமைப்பு நிறுவனமாகத் தொடங்கியது. வடிவமைப்புப் பணிகளை ஒழுங்குபடுத்தத் தனக்காகச் செய்துகொண்ட கருவியைத்தான் 2004இல் பேஸ்கேம்ப் என்று சந்தாவுக்கு விட்டது. அதன் வருமானம் வடிவமைப்பு வருமானத்தை மிஞ்சிய பிறகே பழைய தொழிலைக் கைவிட்டது. மின்னஞ்சல் அனுப்பும் கருவியான மெயில்சிம்ப் 2001இல் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தின் பக்கவேலையாகப் பிறந்து, சில ஆண்டுகள் அப்படியே இருந்தது. அதன் புகழ்பெற்ற இலவசத் திட்டம் வந்ததோ 2009இல்தான். தொடங்கிய நாளிலேயே இலவசமாகக் கொடுக்கத் துடிக்கும் புதியவர்கள், இந்த எட்டு ஆண்டு இடைவெளியைக் கவனிப்பதில்லை. ஜோஹோவின் கதை இன்னும் நீளமானது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம், தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்றது. 2001 வாக்கில் அந்தத் துறை சரிந்தபோது, நிறுவனங்களின் ஐ.டி. பிரிவுகளுக்கான மேனேஜ்எஞ்சின் பக்கம் திரும்பியது. 2005இல் ஆவணம் எழுதும் ஜோஹோ ரைட்டரும், வாடிக்கையாளர் பதிவுக் கருவியான சி.ஆர்.எம்.மும் வந்தபோது அவற்றின் செலவைத் தாங்கியது இந்தப் பழைய சரக்குகளின் வருமானம்தான். நிறுவனத்தின் பெயரே ஜோஹோ என்று மாறியது 2009இல். 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்ததையும், கல்லூரிப் பட்டம் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்ததையும் தொண்டாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. அடுத்த காலாண்டின் வளர்ச்சியைக் கேட்க வெளி முதலீட்டாளர் இல்லாததால், பலன்தரப் பல ஆண்டு பிடிக்கும் செலவையும் அந்த நிறுவனத்தால் செய்ய முடிந்தது என்பதே இதன் தொழில் பொருள்.

வென்றவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் காட்டுவது சான்றாகாது என்ற மறுப்பு நியாயமானது. தாங்கும் தொழில் இருந்தும் சந்தா முளைக்காமல் போன வடிவமைப்பு நிறுவனங்கள் ஏராளம். வாடிக்கையாளர் வேலைக்கு இன்றே பணம் கிடைக்கும், சொந்தச் சரக்குக்கு என்றைக்கோ கிடைக்கும் என்பதால், நல்ல ஆட்களின் நேரத்தை எல்லாம் முன்னது விழுங்கிவிடுவது வழக்கம். ஆகவே தாங்கும் தொழில் தேவையான நிபந்தனை என்றுதான் சொல்லலாம். அது இருந்தாலே போதும் என்று சொல்ல முடியாது. எடுத்துக்காட்டிய மூன்றில் சில கலப்பற்ற சொந்த முதலில் நடந்தவை அல்ல என்பது இரண்டாவது மறுப்பு. 2006இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 37சிக்னல்ஸில் சிறுபான்மைப் பங்கு வாங்கியது உண்மை. ஆனால் பேஸ்கேம்ப் அதற்கு முன்பே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது. அதன் வளர்ச்சிக்கு அந்தப் பணம் காரணமில்லை.

வேகத்தைப் பற்றிய மறுப்புதான் வலுவானது. 2010இல் சென்னையில், ஜோஹோவிலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலாகி, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஜோஹோ தன் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியதாக அறிவித்தது 2022இல், பிறந்து 26 ஆண்டுகளுக்குப் பின். பட்டியலானபோதும் ஃபிரெஷ்வொர்க்ஸ் நட்டத்தில்தான் இருந்தது என்று பதில் சொல்லலாம்; ஆனால் அது முழுப் பதில் ஆகாது. இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பங்குகளால் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் அப்போது சொன்னார். அதே ஆண்டு, அதே மாதம், இன்டியூட் நிறுவனம் மெயில்சிம்ப்பை ஏறத்தாழ 1,200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, அதன் ஊழியர்களிடம் பங்குகள் இருக்கவில்லை. வெளியாருக்குப் பங்கு கொடுக்க மறுக்கும் நிறுவனம் உள்ளே உழைப்பவருக்கும் கொடுக்காமல் போவது எளிது. சொந்த முதலைப் புகழ்பவர்கள் இந்தக் குறையைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பது சரக்கின் வகையைப் பொறுத்தது. ஒருவர் சேரச் சேர மற்றவர்களுக்கும் பயன் கூடும் அரட்டைச் செயலி போன்றவற்றில் முந்தியவர் கை ஓங்கும். அங்கே மெதுவாக வளர்வது பெரும்பாலும் தோற்பதற்குச் சமம். கணக்கு, மின்னஞ்சல், வாடிக்கையாளர் பதிவு போன்ற கருவிகளில் அப்படியில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இலேயே வந்துவிட்ட சந்தையில் ஜோஹோ சி.ஆர்.எம். பிறகு நுழைந்தும் இடம் பிடித்தது. இரண்டாவது வகைச் சரக்கும், சில ஆண்டுச் சம்பளத்தைத் தாங்கும் வேறு வருமானமும் உள்ளவர்களுக்குச் சொந்த முதல் பொருந்தும். இந்த இரண்டும் இல்லாதவர்கள் முதலீட்டாளரைத் தேடிப் போவதே சரி.